வழி உண்டா? – 17: முன்னே போய்த் திரும்புதல்

சென்ற பகுதியை 1960-ஆம் ஆண்டின் மாஸ்கோவில் நிறுத்தியிருந்தோம். தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு தன் முதல் மாநாட்டை அங்கே நடத்தியது. புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவில் படித்த ருடால்ஃப் கால்மனுக்கு அப்போது முப்பது வயது. ஒரு பொறியையோ விமானத்தையோ வேதி உலையையோ இப்போதிருக்கும் நிலையிலிருந்து நாம் விரும்பும் நிலைக்குக் கொண்டுபோக வழி உண்டா என்ற கேள்வியை, கட்டுப்படுதன்மை என்ற தனிக் கருத்தாக அவர் வகுத்தார். கூடவே விடையையும் தந்தார். அமைப்பின் இயல்பைச் சொல்லும் அணி ஒன்று, நம் கைக்கு எட்டும் திசைகளைச் சொல்லும் அணி ஒன்று. முதல் அணியால் இரண்டாவதைத் திரும்பத் திரும்பப் பெருக்கி, கிடைக்கும் நிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கித் தரத்தைப் பார்க்க வேண்டும். தரம் முழுமையாக வந்தால் வழி உண்டு. குறைந்தால் இல்லை.

கணிதம் படிக்கும் கல்லூரி மாணவர் எவரும் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. ஆனால் அது தட்டையான வெளிக்கும் நேரியல் விதிகளுக்கும் மட்டுமே பொருந்தும். விண்கலம் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறது என்பதைத் தட்டையான வெளியில் குறிக்க முடியாது. அது 360 பாகை சுழன்றால் பழைய இடத்துக்கே வந்துவிடும். நேர்கோட்டில் போகிறவருக்கு அப்படி ஒருநாளும் நடக்காது.

இந்தப் பகுதி அத்தகைய வளைந்த வெளிகளைப் பற்றியது. அங்கே நம் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. காலம் முன்னோக்கி மட்டுமே ஓடுகிறது. ஆற்று நீர் படகை இழுப்பதுபோல அமைப்புக்கென்றே ஓர் இழுப்பு இருக்கிறது, அதை நிறுத்தும் விசை நம் கையில் இல்லை. அப்படியிருந்தும், கடந்துவந்த இடத்துக்குத் திரும்ப முடியுமா? 1972-இல் கிடைத்த விடையை, கட்டுப்பாட்டியல் கண்ட மிக அழகான தேற்றங்களில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

மூன்று கோணங்களின் முட்டு

1969 ஜூலையில் நிலவுக்குப் புறப்பட்ட அப்பல்லோ 11 கலத்தில், திசையை நினைவில் வைத்திருக்கும் மேடை ஒன்று இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்திய மூன்று வளையங்கள் அதைத் தாங்கின. கலம் எப்படித் திரும்பினாலும் வளையங்கள் சுழன்று கொடுக்க, மேடை விண்மீன்களைப் பொறுத்து அசையாமல் நிற்கும். வளையங்களுக்கு இடையிலுள்ள கோணங்களைப் படித்தால் கலத்தின் திசைநிலை தெரிந்துவிடும்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. நடு வளையம் 90 பாகையை நெருங்கும்போது வெளி வளையத்தின் அச்சும் உள் வளையத்தின் அச்சும் ஒரே கோட்டில் வந்து விழுகின்றன. மூன்று அச்சுகள் இருந்த இடத்தில் இரண்டுதான் மிஞ்சும். அந்த நொடியில் கலம் மூன்றாவது திசையில் திரும்பினால் மேடையால் ஈடுகொடுக்க முடியாது, நினைவில் வைத்திருந்த திசையே தொலைந்துபோகும். அந்தப் பக்கம் போகாமல் கலத்தை ஓட்ட விண்வெளி வீரர்கள் எப்போதும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. முந்தைய ஜெமினி கலங்களில் நான்காவது வளையம் ஒன்று இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை.

அப்பல்லோவின் பொறியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாத் திசைநிலைகளையும் இடறலின்றிக் குறிக்க யாராலும் முடியாது. எந்த மூன்று கோணங்களைத் தேர்ந்தாலும் எங்காவது ஓரிடத்தில் முட்டும். சுழற்சிகளின் வெளி அப்படி வளைந்தது.

கணிதம் காட்டிய வழி வேறு. கோணங்களைக் கைவிட்டு, சுழற்சியையே ஓர் எண்ணைப்போல எடுத்துக்கொள்ளலாம். ஒரு சுழற்சியை அடுத்து இன்னொன்றைச் செய்தால் கிடைப்பதும் ஒரு சுழற்சி. எந்தச் சுழற்சிக்கும் அதை நீக்கும் எதிர்ச்சுழற்சி உண்டு. எதுவும் செய்யாமலிருப்பதும் ஒரு சுழற்சி. ஆகவே சுழற்சிகள் ஒரு குலம். அந்தக் குலத்துக்குள் தொடர்ச்சியாக நகரலாம் என்பதால் அது லீ குலம்.

இந்தப் பார்வையில் விண்கலத்துக்கு ஒரு பெரும் வசதி கிடைக்கிறது. கலத்தின் உடலோடு பொருத்திய உந்தியை ஒரு விநாடி இயக்கினால், கலம் தன்னைப் பொறுத்து எப்படித் திரும்பும் என்பது அது விண்ணில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைச் சார்ந்திராது. எங்கே நின்றாலும் ஒரே கட்டளைக்கு ஒரே விளைவு. இப்படிப்பட்டவற்றை மாறாக் கட்டுப்பாட்டு அமைப்புகள் என்கிறார்கள். ஓரிடத்திலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்று தெரிந்துகொண்டால், எல்லா இடங்களிலிருந்தும் தெரிந்துகொண்டதாக ஆகிவிடும்.

வரிசை மாறினால் பிறக்கும் திசை

குலத்துக்குப் பெயர் தந்த சோஃபஸ் லீ, 1842-இல் நார்வேயின் நூர்ஃபியூர்டைட் என்ற ஊரில் பிறந்தவர். 1870-இல் அவர் பாரிஸில் இருந்தபோது பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. இத்தாலிக்கு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பியவரை ஃபோந்தேன்புளோவில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அவரிடமிருந்த குறிப்புகளின் கணிதக் குறியீடுகள் ஜெர்மானிய உளவாளியின் ரகசிய எழுத்தாக அவர்களுக்குத் தெரிந்தன. ஏறத்தாழ ஒரு மாதம் சிறையிலிருந்த அவரை கணிதவியலாளர் கஸ்தோன் தார்பூ மீட்டார். பின்னாளில் லீயும் ஃபிரீட்ரிஷ் எங்கெலும் சேர்ந்து எழுதிய மூன்று பெருந்தொகுதிகள் 1888-க்கும் 1893-க்கும் இடையில் வெளிவந்தன.

லீயின் மையக் கண்டுபிடிப்பு இது: வளைந்த குலத்தை முழுதாகப் பிடிக்க முயல வேண்டாம், தொடக்கப் புள்ளியில் எந்தெந்தத் திசைகளில் மிகச் சிறிதாக நகரலாம் என்பதை மட்டும் பார்த்தால் போதும். அந்தத் திசைகள் தட்டையான ஒரு வெளியாக அமைகின்றன. அதுவே லீ இயற்கணிதம். குலத்தின் வளைவு, இரண்டு திசைகளை எடுத்து மூன்றாவதைத் தரும் ஒரு செயலாக அதில் பதிந்திருக்கிறது. அதற்கு லீ அடைப்பு என்று பெயர்.

கையிலுள்ள கைப்பேசியை வைத்தே இதைப் பார்க்கலாம். திரை மேலே பார்க்க, தலைப்பகுதி எதிர்ப்பக்கம் நோக்க, அதைக் கிடையாகப் பிடியுங்கள். முதலில் தலைப்பகுதியை 90 பாகை மேலே தூக்குங்கள், பிறகு அப்படியே இடப்புறமாக 90 பாகை திருப்புங்கள். கைப்பேசி நிமிர்ந்து நிற்கும், திரை வலப்பக்கம் பார்க்கும். இப்போது அதே இரண்டு அசைவுகளை வரிசை மாற்றிச் செய்யுங்கள். முதலில் இடப்புறம் திருப்பி, பிறகு அதே கிடையச்சில் உங்களை நோக்கிச் சுழற்றினால், கைப்பேசி பக்கவாட்டில் படுத்திருக்கும், திரை உங்களைப் பார்க்கும். அசைவுகள் மாறவில்லை. வரிசை மட்டும் மாறியது, முடிவே வேறாகிவிட்டது.

இதைச் சிறு அளவில் செய்தால் லீ அடைப்பு வெளிப்படும். ஓர் அச்சில் 10 பாகை, அடுத்த அச்சில் 10 பாகை, பிறகு முதல் அச்சில் 10 பாகை பின்னோக்கி, இரண்டாவதிலும் 10 பாகை பின்னோக்கி. எல்லாவற்றையும் திருப்பிச் செய்துவிட்டோம், பழைய இடத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் நாம் தொடவே தொடாத மூன்றாவது அச்சில் ஏறத்தாழ 1.7 பாகை திரும்பியிருப்போம். இரண்டு அச்சுகளில் மட்டுமே உந்தி பொருத்திய கலத்துக்கு மூன்றாவது அச்சு இலவசமாகக் கிடைக்கிறது. இலவசம் என்றாலும் விலை உண்டு. அசைவை 10 பாகையிலிருந்து 1 பாகையாகக் குறைத்தால், பலன் பத்தில் ஒன்றாகக் குறையாது, நூறில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

வெப்பவியலிலிருந்து வந்த தேற்றம்

இந்த உத்தியை எந்த அளவுக்கு நீட்டலாம்? முதல் தடயம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கிரேக்கக் குடும்பத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் கரத்தியோடரி, எகிப்தின் அஸ்யூட்டில் நைல் அணைக் கட்டுமானத்தில் பொறியாளராக இருந்துவிட்டுக் கணிதத்துக்கு வந்தவர். 1909-இல் அவர் வெப்பவியலுக்குப் புது அடித்தளம் இட்டார். வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் ஒரு பொருளின் நிலையை மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எந்த நிலைக்கு அருகிலும் நாம் போய்ச்சேர முடியாத நிலைகள் இருக்கும் என்ற ஒரே கூற்றிலிருந்து, என்ட்ரோபி என்ற அளவு இருந்தே தீர வேண்டும் என்று நிறுவினார். எட்ட முடியாத இடங்கள் எங்கும் இருந்தால் வெளி அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும். ஓர் அடுக்கில் தொடங்கியவர் அதைவிட்டு வெளியேற முடியாது.

இதை மறுபக்கமிருந்து பார்த்தவர்கள் இருவர். 1938-இல் மாஸ்கோவில் பியோத்தர் ரஷேவ்ஸ்கி ஓர் ஆசிரியர் கல்வி நிறுவனத்தின் ஏட்டில் எழுதினார். 1939-இல் வெய்-லியாங் சோ, மத்தமாட்டிஷே அன்னாலன் இதழில் ஜெர்மன் மொழியில் எழுதினார். இருவரும் தனித்தனியே சொன்னது ஒன்றே. கையிலுள்ள திசைகளும், அவற்றின் அடைப்புகளும், அடைப்புகளின் அடைப்புகளும் சேர்ந்து எல்லாத் திசைகளையும் நிரப்பினால், எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் போகலாம்.

ஷாங்காயில் 1911-இல் பிறந்த சோ, லைப்ட்சிக்கில் வான் டெர் வேர்டனிடம் 1936-இல் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டே ஜப்பானுடன் போர் தொடங்கியது. பிறகு பல ஆண்டுகள் கணிதத்தை விட்டு வணிகம் செய்தார். நண்பர் ஷிங்-ஷென் செர்ன் தூண்டியதால் மீண்டும் கணிதத்துக்கு வந்தவர், 1948 முதல் பால்ட்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவருக்குப் பெரும்புகழ் தந்தது இயற்கணித வடிவியல். கால்மன் தன் புகழ்பெற்ற கட்டுரைகளை எழுதிய ஆண்டுகளில் வேலைபார்த்த ஆய்வு நிறுவனமும் அதே பால்ட்டிமோரில்தான் இருந்தது. கட்டுப்பாட்டியலுக்குத் தேவைப்பட்ட தேற்றத்தை எழுதியவர் அதே ஊரில் வேறு துறையில் மூழ்கியிருந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த அந்தத் தேற்றத்தைக் கட்டுப்பாட்டியலுக்குள் அழைத்துவந்தவர் ராபர்ட் ஹெர்மன். 1963-இல் அச்சான கட்டுரையில்.

இருந்தும் சோவின் தேற்றத்தில் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு திசையிலும் முன்னும் போகலாம், பின்னும் போகலாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன கைப்பேசிக் கணக்கிலும் இரண்டு அசைவுகளைப் பின்னோக்கிச் செய்தோம். இழுப்பு உள்ள அமைப்பில் அது நடக்காது. நமக்குக் கிடைக்கும் அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கலாம், ஆனால் எதிர்ச்செயல் கையில் இல்லை. போய்ச்சேரக்கூடிய நிலைகள் குலமாக அமையாமல் அரைக்குலமாக நின்றுவிடுகின்றன. லீயின் கருவிகள் குலங்களுக்கானவை. அரைக்குலத்தை என்ன செய்வது?

1972

கேள்வி பல நாடுகளில் ஒரே சமயத்தில் கனிந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் யான் குச்செரா 1966-இல், நிலையும் கட்டுப்பாடும் பெருக்கலாகக் கலந்துவரும் அமைப்புகளைக் கையிலெடுத்தார். பிரான்சில் க்ளோத் லோப்ரி 1970-இல் நேரியல் அல்லாத அமைப்புகளின் கட்டுப்படுதன்மைக்கு லீ அடைப்புகளைக் கொண்டுவந்தார். 1969-இல் ஹார்வர்டுக்கு வந்திருந்த ராஜர் பிராக்கெட், குலங்களின் மேல் அமைப்பியலை எழுதும் கட்டுரையை 1972-இல் வெளியிட்டார். சுழற்சியும் அணிகளும் தொழிலில் தினமும் புழங்கும் பொறியாளர்களுக்கு, இது உங்கள் கணிதம் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

அதே 1972-இல், வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கான ஆய்விதழின் 12-ஆம் தொகுதியில் வெலிமிர் யூர்ஜெவிச், ஹெக்டர் சுஸ்மன் இருவரும் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். சுஸ்மன் புவெனஸ் ஐரஸில் பிறந்தவர், பின்னாளில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நிலைத்தார். யூர்ஜெவிச் டொரான்டோவில். இரண்டாவது கட்டுரையின் தலைப்பே லீ குலங்களின் மேல் கட்டுப்பாட்டு அமைப்புகள் என்பதுதான். திரும்பி வர வழி உண்டா என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது.

முதலில் மிக எளிய இரண்டு வெளிகளை ஒப்பிடுவோம். முடிவில்லாத நேர்கோட்டில் வலப்பக்கம் மட்டுமே போகலாம் என்றால், கடந்த புள்ளிக்கு ஒருபோதும் திரும்ப முடியாது. வட்டத்தில் அதே விதி, ஒரே பக்கமாக மட்டும் சுற்றலாம். ஆனால் ஒரு முழுச் சுற்று போனால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். முழுச் சுற்றுக்குச் சற்று முன்பே நின்றால், தொடங்கிய இடத்துக்குப் பின்னால் நிற்போம். முன்னே போயே பின்னால் வந்துவிட்டோம்.

வட்டத்தில் நடப்பது எந்தக் கச்சிதமான லீ குலத்திலும் நடக்கும் என்பதே அவர்களின் அடிப்படை. கச்சிதமான வெளி என்றால், முடிவிலிக்குத் தப்பி ஓட இடமில்லாத வெளி. சுழற்சிகளின் குலம் அத்தகையது. இழுப்பை அதன் போக்கில் விட்டுவிட்டு, ஒவ்வொரு விநாடிக்கும் நிலையைக் குறித்துக்கொண்டே போங்கள். குறிகளுக்கு முடிவில்லை, இடத்துக்கோ எல்லை உண்டு. ஆகவே ஏதோ இரண்டு குறிகள் நாம் கேட்கும் அளவுக்கு நெருங்கியே தீர வேண்டும். 300-ஆவது விநாடியின் குறியும் 1,000-ஆவது விநாடியின் குறியும் ஒட்டி விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். அமைப்பு மாறாதது, எங்கிருந்து தொடங்கினாலும் இயக்கம் ஒன்றே. எனவே தொடக்கத்திலிருந்து 700 விநாடி போனால் தொடக்கத்துக்கு மிக அருகில் வருவோம். 699 விநாடியோடு நிறுத்தினால்? தொடக்கத்துக்கு ஒரு விநாடி முந்தைய நிலைக்கு மிக அருகில் நிற்போம். இழுப்பை எதிர்த்துப் பின்னோக்கிப் போயிருந்தால் எங்கே இருந்திருப்போமோ, அங்கே.

இத்துடன் அரைக்குலத்தின் ஊனம் தீர்ந்துவிடுகிறது. இல்லாத எதிர்ச்செயல்கள், மிக அருகில் என்ற அளவிலாவது, கிடைத்துவிட்டன. அருகில் என்பதைச் சரியாக அங்கேயே என்று ஆக்கும் வேலையை லீ அடைப்புகள் செய்கின்றன. அடைப்புகள் எல்லாத் திசைகளையும் நிரப்பும்போது, போய்ச்சேரக்கூடிய நிலைகள் மெல்லிய கோடாக இல்லாமல் உள்ளிடம் கொண்ட திரளாக இருக்கும். அந்த உள்ளிடம் மிச்சமிருக்கும் சிறு பிழையை விழுங்கிவிடுகிறது. தேற்றத்தின் முடிவு இப்படி அமைகிறது: கச்சிதமான, ஒரே துண்டான லீ குலத்தில், இழுப்பும் கட்டுப்பாட்டுத் திசைகளும் அடைப்புகளின் வழியே முழு லீ இயற்கணிதத்தையும் உண்டாக்கினால், எந்த நிலையிலிருந்தும் எந்த நிலைக்கும் போகலாம். உண்டாக்காவிட்டால் போக முடியாது. எல்லாப் பயணங்களையும் முடிக்கப் போதுமான ஒரு பொதுக் கால எல்லையும் உண்டு.

கால்மனின் தரச் சோதனை வளைந்த வெளியில் மறுபிறவி எடுத்தது என்று சொல்லலாம். அங்கே பெருக்கிய அணிகள் செய்த வேலையை இங்கே அடைப்புகள் செய்கின்றன. இழுப்பைப் பகையாகப் பார்த்த நிலையும் மாறியது. இழுப்பும் அடைப்பில் பங்கேற்று நமக்குப் புதுத் திசைகளைத் தருகிறது.

இந்தக் கருத்துக்கு ஒரு மூதாதை உண்டு. எல்லைக்குள் அடங்கி, பருமன் காக்கும் இயக்கங்கள் பழைய நிலைக்கு அருகே மீண்டும் மீண்டும் வரும் என்று ஆன்றி புவான்காரே 1890-இல் நிறுவியிருந்தார். அதைத் துணைக்கொண்டு லோப்ரியும், பின் 1982-இல் பெர்னார் பொன்னாரும், 1984-இல் பீட்டர் க்ரவுச்சும் விண்கலத்தின் முழு இயக்கத்தையும் ஆராய்ந்தார்கள். கலம் சீர்மையற்றதாக இருந்து, உந்தும் அச்சும் தக்கபடி அமைந்தால், எதிரெதிராக உந்தும் ஒரே ஒரு சோடி வாயு உந்திகளே கலத்தை எந்தத் திசைநிலைக்கும் கொண்டுபோகப் போதும் என்று தெரிந்தது.

தேற்றம் சொல்வதையும் சொல்லாததையும் பிரித்தறிய கெப்லர் தொலைநோக்கி நல்ல பாடம். 2009-இல் ஏவப்பட்ட அதில் திசை திருப்பும் சக்கரங்கள் நான்கு இருந்தன. 2012 ஜூலையில் ஒன்றும் 2013 மேயில் இன்னொன்றும் பழுதாயின. கலத்தின் மொத்தக் கோண உந்தம் சுழியாக இருந்தால், மிஞ்சிய இரண்டு சக்கரங்களைக் கொண்டே எந்தத் திசைக்கும் திரும்ப முடியும், மூன்றாவது அச்சை அடைப்பு தந்துவிடும். ஆனால் சூரிய ஒளியின் அழுத்தம் ஓயாமல் கலத்தைத் திருகிக்கொண்டிருந்தது. தொலைநோக்கியோ அசையாமல் நிற்க வேண்டும். போய்ச்சேர்வது வேறு, போன இடத்தில் நிலைப்பது வேறு. ஒளியின் அழுத்தம் இருபுறமும் சமமாக விழும்படி கலத்தைப் பிடித்து, அந்த அழுத்தத்தையே மூன்றாவது துணையாக்கி, 2014-இல் மறு பணியைத் தொடங்கினார்கள். எரிபொருள் தீர்ந்த 2018 வரை கெப்லர் அப்படியே உழைத்தது.

தப்பி ஓட இடமிருந்தால்

கச்சிதம் இல்லாத குலங்களில் அடைப்புச் சோதனை மட்டும் போதாது. ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு அளவுகள் இருக்கின்றன. முதலாவது எவ்வளவு இருக்கிறதோ அந்த வேகத்தில் இரண்டாவது வளரும், இரண்டாவது இருக்கும் அளவுக்கு முதலாவது வளரும். இதுதான் இழுப்பு. நம் கையிலுள்ள கட்டுப்பாடு, ஒன்றைப் பெருக்கி அதே விகிதத்தில் மற்றதைச் சுருக்குவது அல்லது அதன் மறுதலை. அடைப்புகளைக் கணக்கிட்டால், அணிக்கோவை 1 ஆக உள்ள இரண்டுக்கு இரண்டு அணிகளின் குலத்துக்குத் தேவையான மூன்று திசைகளும் கிடைத்துவிடும். சோதனையில் தேர்ச்சிதான்.

ஆனாலும் இரண்டு அளவுகளும் நேர்மமாகத் தொடங்கினால், எப்படிக் கட்டுப்படுத்தினாலும் நேர்மமாகவே இருக்கும். முதலாவது சுழியைத் தொட நெருங்கினால் இரண்டாவது அதை உள்ளே தள்ளும், இரண்டாவது நெருங்கினால் முதலாவது தள்ளும். எல்லாத் திசைகளிலும் நகரத் தெரிந்தும் கால்பகுதித் தளத்துக்குள் சிறைப்பட்டுவிடுகிறோம்.

இப்போது ஒரே ஒரு குறியை மாற்றுங்கள். முதலாவது இருக்கும் அளவுக்கு இரண்டாவது குறையட்டும். இழுப்பு உடனே வட்டச் சுழற்சியாகிவிடுகிறது. சுழற்சி திரும்பி வரும், திரும்பி வருவதால் எதிர்ச்செயல் கிடைக்கும், சிறை திறந்துவிடும். கச்சிதமான குலம் முழுதாகத் தந்த அதே வரத்தை, இங்கே குலத்துக்குள் புதைந்திருக்கும் ஒரு சிறு வட்டம் தருகிறது.

யூர்ஜெவிச்சும் இவான் குப்காவும் 1981-இல், கிரெனோபிளின் ஃபூரியே நிறுவன ஆய்விதழில் இந்த உள்ளுணர்வைப் பெரிய அணிகளுக்கு விரித்தார்கள். கட்டுப்பாட்டை எவ்வளவு வேண்டுமானாலும் வலுவாக்கலாம் என்றால், அது இழுப்பின் மற்ற உறுப்புகளையெல்லாம் மங்கச்செய்து, அணியின் இரண்டு எதிர் மூலைகளில் உள்ள உறுப்புகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தெடுக்கும். அந்த இரண்டு எண்களும் எதிரெதிர்க் குறி கொண்டிருந்தால் அவற்றிலிருந்து ஒரு சுழற்சி பிறக்கும், அங்கிருந்து வழி திறக்கும். கட்டுப்பாட்டு அணியின் ஐகன் மதிப்புகளின் வேறுபாடுகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் உண்டு. போய்ச்சேரும் நிலைகளையும் அவற்றை எவ்வளவும் நெருங்கி நிற்கும் நிலைகளையும் மாற்றாமல் திசைகளின் தொகுதியை முடிந்தவரை விரித்துக்கொண்டே போகும் முறை, இந்தத் துறையின் அன்றாடக் கருவியாயிற்று.

அடுத்த ஆண்டு பொன்னார், யூர்ஜெவிச், குப்கா, சலே நால்வரும் சுழற்சியும் இடப்பெயர்ச்சியும் கலந்த குலங்களை ஆராய்ந்தார்கள். வெளியில் ஒரு திடப்பொருள் செய்யும் எல்லா அசைவுகளும் அத்தகைய குலமே. அது கச்சிதமானதன்று, நேர்கோட்டில் எவ்வளவு தூரமும் போகலாம். ஆனாலும் சுழற்சிப் பகுதி கச்சிதமாக இருந்து, அசையாத திசை எதையும் விட்டுவைக்காவிட்டால், அடைப்புச் சோதனையே போதும் என்று நிறுவினார்கள். நிற்கவும் பின்னால் வரவும் முடியாத விமானம், திரும்பும் திறன் மட்டும் இருந்தால், எந்த இடத்துக்கும் எந்த முகத்தோடும் போய்ச்சேரலாம் என்பதன் ஆழமான காரணம் இங்கே இருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது அரைக்குலங்களின் பக்கத்திலிருந்து, வந்தவர்களும் உண்டு. ஹில்கெர்ட், ஹோஃப்மன், லாசன் மூவரும் 1989-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக லீ குலங்களையும் குவிகூம்புகளையும் அரைக்குலங்களையும் இணைக்கும் நூலைத் தந்தார்கள். பிரேசிலின் காம்பினாஸில் லூயிஸ் சான் மார்ட்டின், அரைக்குலம் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை வடிவியலால் வகைப்படுத்தினார். ரஷ்யாவில் யூரி சச்கோவ், சுழற்சியே இல்லாத குலங்களில் என்ன ஆகும் என்று பார்த்தார். அடைப்புகள் சில படிகளில் தீர்ந்துபோகும், வட்டம்போல் சுற்றிவரும் வழி எதுவும் இல்லாத குலங்களில் இழுப்பின் துணையை நம்ப முடியாது, கட்டுப்பாடுகளே தனித்து எல்லாத் திசைகளையும் உண்டாக்க வேண்டும். திரும்பி வரும் இயக்கம் எதுவும் இல்லாத இடத்தில் காலம் மெய்யாகவே ஒருவழிப் பாதையாகிவிடுகிறது.

அணுவுக்குள்

1972-இன் தேற்றத்துக்கு மிகப் பொருத்தமான களம் பிற்பாடுதான் வந்தது. குவாண்டம் விதிகளின்படி, தனித்திருக்கும் அணுவின் நிலை யூனிட்டரி அணிகளின் குலத்துக்குள்தான் நகரும். அது கச்சிதமான குலம். அணுவின் சொந்த ஆற்றலே இழுப்பு, அதை அணைத்துவைக்க முடியாது. நாம் செலுத்தும் வானொலித் துடிப்பும் லேசர் ஒளியும் கட்டுப்பாடு. யூர்ஜெவிச்சும் சுஸ்மனும் இதற்கென்றே எழுதியதுபோல எல்லாம் பொருந்துகின்றன. ஹுவாங், டார்ன், கிளார்க் மூவரும் 1983-இல் குவாண்டம் அமைப்புகளின் கட்டுப்படுதன்மையை இந்த வழியில் முறையாக ஆராய்ந்தார்கள்.

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான குபிட் ஒன்றுக்கு நிரப்ப வேண்டிய திசைகள் 3. இரண்டு குபிட்டுகளுக்கு 15. பத்துக்கு 10,48,575. இத்தனை திசைகளை எதைக் கொண்டு நிரப்புவது என்று மலைப்பாக இருக்கும். ஆனால் இத்தகைய குலங்களின் லீ இயற்கணிதத்தை உண்டாக்க இரண்டே திசைகள் போதும் என்று மசாடாகே குரானிஷி 1951-இலேயே நிறுவியிருந்தார். அந்த இரண்டையும் தேடித் தேர்ந்தெடுக்கக்கூட வேண்டியதில்லை, பெரும்பாலும் எந்த இரண்டும் போதும். 1995-இல் சேத் லாய்டும், தனியே டாய்ச், பாரென்கோ, எக்கர்ட் மூவரும், இரண்டு குபிட்டுகளின் மேல் செயல்படும் ஏறத்தாழ எந்த வாயிலும் குவாண்டம் கணினிக்கான எல்லாக் கணக்குகளையும் கட்டியெழுப்பப் போதும் என்று காட்டினார்கள். இழுப்பும் ஒரு கட்டுப்பாடும் இருந்தால் முழுக் குலமும் கைவசமாகும் என்ற கட்டுப்பாட்டியல் உண்மையின் கணினி வடிவம் அது.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மனதில் நிறுத்த வேண்டும். முன்னே மட்டும் போகும் காலத்தில் திரும்பி வருவதை நமக்குச் சாத்தியமாக்கியது கட்டுப்பாட்டின் வலிமை மட்டும் அல்ல, வெளியின் வடிவமும்தான். அமைப்பை இன்னும் பலமாக உந்துவதற்கு முன்பு, அது வாழும் வெளி எத்தகையது, அதில் திரும்பி வரும் இயக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்பதே இந்தத் துறை நமக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு.

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தபின் இன்னொன்று எழுகிறது. வழி உண்டு என்று 1972-இன் தேற்றம் உறுதி தருகிறது. வழி எது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அது சொல்வதில்லை. 700 விநாடிக் காத்திருப்பு விண்கலத்துக்குப் பொறுக்கும். சில நொடித்துகள்களில் தன் நினைவை இழந்துவிடும் குபிட்டுக்குப் பொறுக்காது. 2001-இல் நவீன் கனேஜா, ராஜர் பிராக்கெட், ஸ்டெஃபன் கிளேசர் மூவரும் அணுக்கருத் தற்சுழற்சிகளை மிகக் குறைந்த நேரத்தில் திருப்பும் வழியை ஆராய்ந்தார்கள். குலங்களுக்குள் கட்டுப்பாட்டியலை அழைத்துவந்த பிராக்கெட், 29 ஆண்டுகள் கழித்து, அதே குலங்களில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்.

மிகக் குறைந்த நேரத்தில் போவது எப்படி என்ற கேள்விக்கான கருவி 1950-களின் மாஸ்கோவில் உருவானது. அதை உருவாக்கிய லெவ் பொந்த்ரியாகின், பதினான்காம் வயதில் அடுப்பு வெடித்ததில் பார்வையை இழந்தவர். தாய் வாசித்துக் காட்டக் காட்டக் கணிதம் கற்றவர். அவருடைய பெரும மதிப்புக் கோட்பாட்டையும், அது குலங்களின் மேல் வகுக்கும் மிகக் குறுகிய பாதைகளையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)